ஏழு பேருக்குக் கப்பலில் எத்தனை கேபின்?

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பெரிய சூட், அதாவது விசாலமான சொகுசுக் கேபின், எடுப்பதா, இரண்டு சாதாரண கேபின் எடுப்பதா? குழந்தைகளை வைத்துக்கொண்டு பால்கனி தேவையா? நான்கு படுக்கை இருக்கிற கேபின் என்று படம் காட்டிவிட்டு, நான்கு பேரைப் பதிய முடியவில்லை என்கிற முகவரை நம்பலாமா? பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுப் பயணம். நீங்கள், உங்கள் கணவர், மாமனார், மாமியார், 13 வயது மகள், 8 வயது மகன், இரண்டு வயதுக் கடைக்குட்டி என்று ஏழு பேர். இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. எல்லோரும் ஒன்றாகவும் இருக்க வேண்டும், ஒருவர் தூக்கத்தை இன்னொருவர் கெடுக்கவும் கூடாது, அதற்கு எவ்வளவு கூடுதலாகச் செலவு செய்யலாம் என்பதுதான் அது.

நான் சில வருடங்கள் பயணிகள் கப்பலில் கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டரில் இருந்தேன். இப்போது சென்னையில் இருந்தபடி குடும்பங்களுக்குக் கப்பல் பயணம் பதிந்து கொடுக்கிறேன். ஏறிய அன்று மாலை அந்தக் கவுன்ட்டரில் வரிசை கட்டுகிறவர்களில் பலர் அறை மாற்றிக் கேட்டுத்தான் வருவார்கள். அன்று மாற்றிக் கொடுக்க அநேகமாக எதுவும் மிச்சம் இருக்காது. அதனால் பதிவதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லது.

முகவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைத் தொட்டுத்தான் வருகிறது. அவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். கப்பலில் ஒரு கேபினில் எத்தனை பேர் என்பதைப் படுக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. உயிர்காப்புப் படகும் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கேபினும் ஏதோ ஒரு மஸ்டர் ஸ்டேஷனோடு இணைக்கப்பட்டிருக்கும். அபாயச் சங்கு ஊதினால் அந்தக் கேபின்காரர்கள் போய்க் கூட வேண்டிய இடம் அது. அந்த இடத்துக்கு ஒதுக்கிய படகுகளில் எத்தனை பேர் ஏறலாம் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது எல்லோருக்கும் போதுமான படகு இல்லாமல் போனதையொட்டி 1914இல் பிறந்த 'சோலாஸ்' என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழி வந்த கட்டுப்பாடு இது. எந்தக் கம்பெனியும் இதில் வளைந்து கொடுக்காது. அந்தப் பகுதியில் வேறு குடும்பங்கள் முந்திக்கொண்டு மூன்றாவது, நான்காவது ஆளைப் பதிந்துவிட்டால், உங்கள் கேபினில் இரண்டு படுக்கை காலியாகத் தொங்கினாலும் கணினி உங்களை ஏற்காது.

எவ்வளவு இடம்தான் இருக்கிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். ராயல் கரீபியனின் 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். இந்த வகைக் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து பல பருவங்கள் ஓடியிருக்கின்றன. அதில் சுமார் 2,090 கேபின்கள். கேபினுக்கு இரண்டு பேர் வீதம் 4,180 பேர். கப்பல் ஏற்றக்கூடிய அதிகபட்சப் பயணிகள் 4,905. அதாவது மூன்றாவது, நான்காவது ஆளாக ஏறக்கூடியவர்கள் மொத்தமே எழுநூற்றுச் சொச்சம் பேர். மூன்று கேபினுக்கு ஒருவர் என்ற கணக்குத்தான் வருகிறது. விடுமுறை வாரத்தில் கப்பல் நிறையக் குழந்தைகள் இருக்கும்போது முதலில் தீர்ந்துபோவது இந்த இடங்கள்தான். கேபின் காலியாக இருக்கும், ஆனால் இரண்டு பேருக்கு மேல் தர மாட்டார்கள். முகவரிடம் கப்பலின் வேறு பகுதியில், வேறு டெக்கில் (மாடியில்) நான்கு பேர் பதிய முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பகுதியில் அடைத்திருப்பது இன்னொரு பகுதியில் திறந்திருக்கும். கடைசித் தவணை கட்ட வேண்டிய நாளையொட்டிச் சிலர் ரத்து செய்வார்கள், அப்போதும் திறக்கலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, கைக்குழந்தையும் இந்தக் கணக்கில் ஒரு ஆள்தான். விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போவது போல இங்கே நடக்காது. கட்டில் வேண்டாம், தொட்டில் போதும் என்றாலும் கடைக்குட்டியின் பெயர் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளும். துறைமுக வரி அவனுக்கும் உண்டு. தினசரி டிப்ஸும் பெரும்பாலான கப்பல்களில் உண்டு.

இனி எத்தனை கேபின் என்பதற்கு வருவோம். என் கருத்து இதுதான்: படுக்கையை எண்ணாதீர்கள், குளியலறையையும் மூடக்கூடிய கதவையும் எண்ணுங்கள். ஜன்னல் இல்லாத சாதாரண உள் கேபின் 160, 170 சதுர அடி இருக்கும். பால்கனி கேபின் அறை மட்டும் 200 சதுர அடிக்குப் பக்கத்தில். இதில் பெரியவர்களுக்கான இரட்டைக் கட்டில், இழுத்தால் படுக்கையாகும் சோஃபா, கூரையிலிருந்து இறங்கும் ஒன்றோ இரண்டோ மேல் படுக்கை. எல்லாவற்றையும் விரித்துப் போட்ட பிறகு நடக்க இடம் இருக்காது. ராத்திரி யாராவது பாத்ரூம் போக எழுந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஏழு பேருக்கு இரண்டு குளியலறை என்பது குறைந்தபட்சம். பினாங்கில் காலை எட்டு மணிக்குக் கப்பலைவிட்டு இறங்க வேண்டிய நாளில் இதன் அருமை தெரியும்.

பெரிய ஃபேமிலி சூட் கிடைத்தால் எடுக்கலாமா என்றால், விலையைப் பார்த்துவிட்டு எடுங்கள். அவை ஒரு கப்பலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும், முதலில் விற்பதும் அவைதான். குவாண்டம் வகைக் கப்பல்களில் ஜூனியர் சூட், பால்கனி கேபின், சிறிய ஸ்டூடியோ மூன்றையும் ஒரே வெளிக்கதவுக்குள் அடைக்கிற ஏற்பாடு உண்டு. மூன்று தலைமுறைக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு நான் பார்த்ததில்லை. பழைய வாயேஜர் வகைக் கப்பல்களில் முன்பக்கத்தில் ஆறு பேர் படுக்கும் ஃபேமிலி கேபின்கள் இருந்தாலும் குளியலறை ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள். டிஸ்னியின் கப்பல்கள் குடும்பங்களை மனதில் வைத்துக் கட்டியவை. அவற்றில் பல கேபின்களில் கழிப்பறை தனியாகவும் குளிக்கும் இடம் தனியாகவும் இருக்கும். ஒரு குழந்தை குளிக்கும்போது இன்னொன்று அவசரம் என்று குதிக்கும் வீடுகளுக்கு அது பெரிய உபகாரம். எல்லாக் கேபினிலும் அப்படி இருக்காது என்பதால் பதியும் வகைக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட் கிடைக்கவில்லை அல்லது கட்டுப்படியாகவில்லை என்றால் உங்கள் முன் இருப்பது இரண்டு வழி. ஒன்று, இரண்டு கேபின், நான்கு பேர் மூன்று பேராக. இன்னொன்று, மூன்று கேபின், மூன்று, இரண்டு, இரண்டாக. மூன்றாவது கேபின் என்றதும் செலவு ஒன்றரை மடங்காகும் என்று பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. கேபினில் முதல் இருவர் முழுக் கட்டணம் கட்டுவார்கள், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம். இரண்டு கேபின் எடுத்தால் நான்கு பேர் முழுக் கட்டணம், மூன்று பேர் குறைந்த கட்டணம். மூன்று கேபின் எடுத்தால் ஆறு பேர் முழு, ஒருவர் குறைந்தது. ஆக, மூன்றாவது கேபினுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது இரண்டு பேருடைய கட்டண வித்தியாசம் மட்டுமே. வரியும் டிப்ஸும் எப்படிப் பிரித்தாலும் ஏழு பேருக்கு ஒன்றுதான். மூன்றாவதை உள் கேபினாக எடுத்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இலவசம் என்ற சலுகை ஓடும் சமயத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது இரண்டு கேபினில் நெருக்கியடிப்பது நிஜமாகவே மலிவு. முகவரிடம் இரண்டு விதமாகவும் வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள். 'ஆளுக்கு இவ்வளவு முதல்' என்ற விளம்பர விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு கேபினில் ஒரே ஒருவர் தங்குவது போலப் பிரித்துவிடவும் கூடாது. பெரும்பாலும் அந்த ஒருவரிடமே இரண்டு பேர் கட்டணத்தை வாங்கிவிடுவார்கள்.

பணம் இடம் கொடுத்தால் நான் சொல்வது மூன்று கேபின்: நீங்களும் கணவரும் கடைக்குட்டியும் ஒன்றில், அதோடு உட்கதவால் இணைந்த அடுத்ததில் மகளும் மகனும், மாமனார் மாமியாருக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டு கேபின்தான் என்றால் தாத்தா பாட்டியோடு பேரனைப் படுக்க வையுங்கள், பேத்தியை அல்ல. பொதுவாக நம் வீடுகளில் பாட்டியோடு பேத்தி என்றுதான் யோசிப்போம். ஆனால் எட்டு வயதுப் பையன் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவான், பெரியவர்களும் அப்படியே. பதின்மூன்று வயதுப் பெண் பதினொன்றரை வரை விழித்திருப்பாள், தாத்தா விடிகாலை ஐந்துக்கு எழுந்து விளக்கைப் போடுவார். இருவருக்கும் நிம்மதி இருக்காது. பையனுக்கு மேல் படுக்கை என்றால் கொண்டாட்டமாகவும் இருக்கும். ரயிலில் அப்பர் பெர்த்துக்குச் சண்டை போடும் அதே ஆசைதான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மட்டும் மேலே ஏற்றாதீர்கள்.

உட்கதவு உள்ள கனெக்டிங் கேபினையும் அடுத்தடுத்த கேபினையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்தடுத்து என்றால் சுவர் மட்டும் பொது. போக வர வராந்தா வழியாகத்தான். கப்பலின் டெக் பிளானில், அதாவது ஒவ்வொரு டெக்கிலும் எது எங்கே என்று காட்டும் வரைபடத்தில், உட்கதவு உள்ள கேபின்களுக்கு நடுவே ஒரு சிறு அம்புக்குறியோ முக்கோணமோ போட்டிருப்பார்கள். மூன்றாவது படுக்கை, நான்காவது படுக்கைக்கும் தனித்தனிக் குறி உண்டு. குறிகள் கப்பலுக்குக் கப்பல் வேறுபடுவதால் அடியில் உள்ள விளக்கத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். எண் அடுத்தடுத்து வருகிறதே என்று நம்பவும் கூடாது. பல கப்பல்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம். 412க்கும் 413க்கும் இடையே கப்பலின் முழு அகலமும் இருக்கலாம். 'கேரன்ட்டி' கேபின் என்று மலிவாக ஒன்று வரும். கம்பெனியே பிறகு எண்ணை ஒதுக்கும் என்று அர்த்தம். தனியாகப் போகிறவர்களுக்கு லாபம். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம், மூன்று கேபினும் மூன்று டெக்கில் விழலாம். உட்கதவில் ஒரு குறையும் உண்டு: சாதாரணச் சுவரைவிடச் சத்தம் எளிதாகக் கசியும். இரண்டு பக்கமும் உங்கள் குடும்பமே என்றால் கவலையில்லை. ஆனால் ஒரே ஒரு கேபின் எடுக்கிறவர்கள் உட்கதவு இல்லாததாகப் பார்ப்பது நல்லது.

பதியும்போது வயது விதி ஒன்று குறுக்கே வரும். ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்பார்கள். புறப்படும் நாட்டையும் கம்பெனியையும் பொறுத்து அந்த வயது 18 அல்லது 21. பெற்றோர் இணைந்த அறையிலோ நேர் எதிரிலோ இருந்தால் பலர் தளர்த்துவார்கள். கணினி ஒத்துக்கொள்ளாவிட்டால் கணவர் பெயரை ஒரு கேபினிலும் உங்கள் பெயரை இன்னொன்றிலும் போட்டுப் பதிந்துவிட்டு, ஏறியபின் கவுன்ட்டரில் கேட்டு மற்ற கேபினுக்கும் சாவி அட்டை வாங்கிக்கொள்ளலாம். குடும்பங்கள் வழக்கமாகச் செய்வதுதான், ஊழியர்களும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மஸ்டர் ஸ்டேஷன் பதிந்த கேபின்படிதான் இருக்கும் என்பதால், எந்தக் குழந்தை எந்தப் பெரியவரோடு எங்கே போக வேண்டும் என்பதை முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கப்பல் கிளப்பில் விட்டால் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள்; அதை அவிழ்க்க விடாதீர்கள், மஸ்டர் ஸ்டேஷன் விவரம் அதில்தான் இருக்கும். இன்னொன்று, இரண்டு மூன்று கேபின் என்றால் இரண்டு மூன்று தனித்தனிப் பதிவு எண்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லாவிட்டால் சாப்பாட்டு மேசை தனித்தனியாக விழும்.

பால்கனி பற்றி நேராகச் சொல்கிறேன்: கடைக்குட்டி தூங்கும் கேபினுக்கு ஒரு பால்கனி போதும், மற்றவற்றுக்கு அவசியமில்லை. குழந்தைக்காக அல்ல, உங்களுக்காக. இரண்டு வயதுக் குழந்தையை எட்டு மணிக்குத் தூங்க வைத்துவிட்டால் பெற்றோருக்கு விளக்கில்லாத அறையில் சிறைவாசம்தான்; பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து பேசலாம். பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும்; அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பல்களில் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று 2010ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கதவும் கனமானது, பெரும்பாலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். ஆபத்து நாற்காலியில்தான். வெளியே கிடக்கும் நாற்காலியையும் சிறு மேசையையும் கைப்பிடி ஓரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள், அல்லது கேபின் ஊழியரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு பால்கனிகளுக்கு நடுவே உள்ள தடுப்பைச் சில கப்பல்களில் திறந்து ஒன்றாக்கித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். மூத்த குழந்தைகளுக்கு, உட்கதவால் இணைந்த கேபின் அமையாவிட்டால், நேர் எதிரில் உள்ள உள் கேபினே போதும். பகலில் அவர்கள் அறையில் இருக்கப் போவதில்லை, ராத்திரி அந்தக் கும்மிருட்டில் நன்றாகத் தூங்குவார்கள். குவாண்டம் வகையில் சில உள் கேபின்களில் 80 அங்குலத் திரையில் வெளிக் கடலைக் காட்டுவார்கள். உங்கள் மகனுக்கு அது நிஜப் பால்கனியைவிடப் பிடித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மாமனார் மாமியாருக்கு வேண்டியது கடல் காட்சியைவிட, நடை குறைவது. மேலே சொன்ன குவாண்டம் கப்பல் 348 மீட்டர் நீளம். முன்கோடியில் கேபின், பின்கோடியில் பஃபே என்றால் ஒவ்வொரு வேளைக்கும் போக வர அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நடுப்பகுதியில், லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி எடுங்கள். லிஃப்டை ஒட்டியே வேண்டாம், ராத்திரி ஆட்கள் பேச்சு கேட்கும். நடுவிலும் கீழ் டெக்கிலும் ஆட்டம் குறைவு என்பது இயற்பியல், அதில் சந்தேகமில்லை. ஆனால் பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று மலாக்கா நீரிணையில் போகிற பயணத்தில் கடல் பெரும்பாலும் அமைதிதான், இரண்டு பக்கமும் நிலம் இருக்கிறது. ஆகவே ஆட்டத்துக்குப் பயந்து கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். குளியலறை வாசலில் ஒரு சிறு படி இருக்கும். முழங்கால் வலி இருந்தால் அதை முதல் நாளே காட்டிவிடுங்கள். சக்கர நாற்காலிக்கான அகலமான கேபின்கள் உண்டு, அவை உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பவை.

சத்தத்துக்கு ஒரு எளிய விதி: உங்கள் டெக்குக்கு மேலும் கீழும் கேபின்களே இருக்கட்டும். மேலே நீச்சல் குளம் என்றால் விடிகாலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம், கீழே தியேட்டர் என்றால் பாஸ் ஒலி, கப்பலின் முன்முனை என்றால் நங்கூரச் சங்கிலி. டெக் பிளானில் மேல் டெக்கையும் கீழ் டெக்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். உங்கள் கேபின்களுக்கு மேலே எந்தப் பெயரும் எழுதாமல் வெற்றிடமாக இருந்தால் அது பெரும்பாலும் சமையலறை அல்லது ஊழியர் பகுதி. அதையும் தவிருங்கள்.

குழந்தை விஷயமாகச் சில்லறை: தொட்டிலைப் பதியும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், எண்ணிக்கை குறைவு. கிளப்புகளில் பொதுவாக மூன்று வயதாகி, டயப்பர் விட்ட குழந்தைகளைத்தான் சேர்ப்பார்கள். கடைக்குட்டிக்குக் கட்டணக் காப்பகம் உண்டா என்று பாருங்கள். கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். சூடாகும் எந்தச் சாதனத்தையும் ஸ்கேனிங்கிலேயே எடுத்துவைத்து இறங்கும்போதுதான் தருவார்கள். பால் கலக்க வெந்நீர் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேபின் சுவர் அநேகமாக இரும்பு, நாலைந்து காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் ஏழு பேர் ஈரத் துண்டுக்கும் இடம் கிடைக்கும். கேபினோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூருக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும், கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால்.

எப்போது பதிவது என்றால், இப்போதே. விலை பிறகு இறங்குமா ஏறுமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. இறங்கினாலும் அது மீந்த இரண்டு பேர் கேபின்களுக்குத்தான் இறங்கும், இணைந்த கேபின்களுக்கும் நான்கு பேர் கேபின்களுக்கும் இறங்கி நான் பார்த்ததில்லை. முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் கேபின்களைச் சில நாள் 'ஹோல்டில்' வைக்க முடியுமா என்று கேளுங்கள், பலரால் முடியும். எண்கள் கையில் வந்ததும் டெக் பிளானில் வைத்துப் பாருங்கள். எண்களையும் டெக் பிளான் படத்தையும் இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.